வில்லன் என்னும் பண்ணையாள்

'வில்லன்' என்ற சொல்லுக்குத் தமிழில் யாரும் பொருள் கேட்பதில்லை. பள்ளிக்கூடப் படி மிதிக்காத கிழவிக்கும் தெரியும். பி.எஸ்.வீரப்பா சிரித்தால் வில்லன், நம்பியார் உள்ளங்கையைப் பிசைந்தால் வில்லன். எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் என் வகுப்புத் தோழர் ஒருத்தர், வில் + அன் என்று பிரித்து, வில்லை உடையவன், ஆகவே சேரன் என்று அடித்துச் சொன்னார். அப்படியானால் எங்கள் நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டுக்காரர்கள் எல்லாரும் வில்லன்தானா என்று கேட்டுச் சிரித்தோம். சிரித்ததோடு விட்டிருந்தால் நல்லது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடப் போனேன். போன இடத்தில் நம்ம ஆள் நின்றுகொண்டிருந்தான்.

லத்தீனில் 'வில்லா' என்றால் பண்ணை. நிலமும் அதன் நடுவே எஜமானின் வீடும். அந்தப் பண்ணையைச் சேர்ந்த ஆள் 'வில்லானுஸ்'. பழைய பிரெஞ்சில் அவன் 'விலேன்' ஆனான். 1066-இல் நார்மன் படை இங்கிலாந்தைப் பிடித்தபோது, வாளோடும் வரிக்கணக்கோடும் இந்தச் சொல்லும் கடல் தாண்டியது. இருபது ஆண்டு கழித்து, 1086-இல், பிடித்த நாட்டில் எத்தனை ஏர், எத்தனை மாடு, எத்தனை ஆள் என்று அரசன் எடுத்த 'டூம்ஸ்டே' கணக்கில் மிகப் பெரிய தொகுதி இந்த வில்லானுஸ்கள்தான். கணக்கு எழுதியபோது அது வசவு இல்லை. நாம் பண்ணையாள் என்று சொல்கிறோமே, அவ்வளவுதான்.

அடுத்து வந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் சட்டம் அவன் கழுத்தை இறுக்கியது. பிரபுவின் அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது. மகளைக் கட்டிக்கொடுக்கப் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். செத்தால் வீட்டிலிருக்கிற நல்ல மாட்டைப் பிரபு ஓட்டிக்கொண்டு போவான். நிலத்துக்காகப் பிரபுவின் மேல் அரசனுடைய நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. நிலம் கைமாறினால் ஆளும் சேர்ந்து கைமாறினான்.

சட்டம் இறுக்கிய அதே காலத்தில் சொல்லும் அழுகியது. பண்ணையாள் என்ற சொல்லுக்கு முதலில் 'நாகரிகமில்லாதவன்' என்ற பொருள் ஏறியது. பிறகு 'அசிங்கமானவன்', பிறகு 'ஈனப்பிறவி', கடைசியில் 'கொடியவன்'. பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் இந்தப் பயணம் முடிந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பண்ணையடிமை முறை பதினாறாம் நூற்றாண்டுக்குள் ஒழிக்கும் சட்டம் என்று ஒன்று இல்லாமலே தேய்ந்து போயிற்று. வசவு மட்டும் தேயவில்லை. ஆள் போய்விட்டான், அவன்மேல் எறிந்த சாணி சுவரில் அப்படியே காய்ந்து நிற்கிறது. பிரெஞ்சில் இன்றும் 'விலேன்' என்றால் விகாரமானது, கெட்டது. சேட்டை செய்யும் குழந்தையை அதட்டவும் அதுதான் சொல்.

இதற்கு எதிர்ச்சொல் எது தெரியுமா? 'கூர்த்துவா'. இங்கிதம் உள்ளவன், மரியாதை தெரிந்தவன். அது 'கோர்ட்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அரண்மனை முற்றத்தில் நடந்துகொள்ளத் தெரிந்தவன் நல்லவன். பண்ணையில் கிடப்பவன் கெட்டவன். அரண்மனையைக் குறிக்கும் அந்தக் 'கோர்ட்' எங்கிருந்து வந்தது என்று தோண்டினால் இன்னும் வேடிக்கை. லத்தீனில் அது அடைப்புப் போட்ட வெளி, பண்ணையின் தொழு முற்றம். கோழி மேய்கிற இடம். ஆக இரண்டு சொல்லும் ஒரே பண்ணையில் பிறந்தவை. எஜமானோடு போனது அரண்மனை ஏறியது. ஆளோடு நின்றது சேற்றில் புதைந்தது. சொல்லுக்குள் இயல்பாகவே உயர்வும் தாழ்வும் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு செய்தியைக் கொஞ்சம் மென்று பார்க்கலாம்.

பிரெஞ்சு தேசத்தில் பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் 'ஃபாப்லியோ' என்ற சிரிப்புக் கதைப்பாட்டுகள் நிறைய வந்தன. அவற்றில் அடிபடுகிறவன் பெரும்பாலும் விலேன்தான். அவன் நாற்றமடிப்பான், முட்டாளாக இருப்பான், பெண்டாட்டியிடம் ஏமாறுவான். நமக்கு இது புதிதா? முக்கூடற்பள்ளை எம்.ஏ.வில் பாடமாக வைத்து, பள்ளனைத் தொழுவில் மாட்டும் இடத்தை 'நகைச்சுவை' என்று தேர்வில் எழுதச் சொன்னார்களே. விளைய வைக்கிறவனை வைத்துச் சிரிப்பதற்கு என்று எல்லா நாட்டிலும் ஒரு இலக்கிய வகை இருந்திருக்கிறது. பாடியவன் வயலில் இறங்கியவன் இல்லை.

ஆனால் அந்தக் கதைகளிலேயே ஒன்று தப்பிப் பிறந்திருக்கிறது. ஒரு விலேன் செத்துப்போகிறான். அவன் உயிரை எடுத்துப்போகத் தேவதூதனும் வரவில்லை, பிசாசும் வரவில்லை. தானாகவே நடந்து சொர்க்கத்துக்குள் நுழைகிறான். பேதுரு தடுக்கிறார், இது உன் போன்றவர்களுக்கான இடமில்லை என்று. நீர் உம் எஜமானை மூன்று தடவை மறுதலித்தவர் அல்லவா என்று கேட்கிறான். தோமா வருகிறார்; நீர் தொட்டுப் பார்க்காமல் நம்பாதவர். பவுல் வருகிறார், ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றதில் உமக்குப் பங்கில்லையா? கடைசியில் கடவுளிடமே தன் வழக்கைச் சொல்லி இடம் பிடிக்கிறான். மூன்று பேரிடமும் அவன் பேசுவது ஒன்றே ஒன்றுதான்: பிறப்பைப் பேசாதே, செய்ததைப் பேசு.

நம் நந்தனுக்கு இப்படி வாதாட ஒரு கதை கிடைக்கவில்லை. சிதம்பரத்தில் நெருப்பில் இறங்கிப் 'புனிதன்' ஆன பிறகுதான் உள்ளே போக முடிந்தது. ஆனால் வரலாற்றில் அதே சிதம்பரத்துக்கு எங்கள் பக்கத்து மயிலாடியிலிருந்து இன்னொரு பறையர் போனார். 1799-இல் போன மகாராசன், மனம் வெறுத்துத் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். அவர் அழைத்து ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி 1806-இல் தென்திருவிதாங்கூருக்கு வந்தார். நெருப்பில் இறங்க மாட்டேன் என்று ஒருவர் திரும்பி நடந்ததால் இங்கே ஒரு வரலாறு தொடங்கியது. மதம் மாறினால் சாதி போய்விட்டதா என்று கேட்பவர்களுக்கு நானும் அதே கேள்வியோடுதான் நிற்கிறேன். அது வேறு கட்டுரை.

இனி பத்மநாபபுரத்துக்கு வருவோம். அரண்மனையும் பண்ணையும் எதிரெதிரே நிற்பதைப் பார்க்க ஐரோப்பா போக வேண்டியதில்லை. தக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் போதும். 1956 நவம்பர் 1-இல் கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் அரண்மனை இன்றும் கேரள அரசின் பொறுப்பில்தான் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் கறுப்பாய் மின்னும் தரை. சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்தது என்பார்கள். மாடியும் கீழுமாக நீளும் ஊட்டுப்புரையைக் காட்டி, இங்கே தினமும் இரண்டாயிரம் பிராமணருக்கு இலவசச் சாப்பாடு என்பார்கள். திருவிதாங்கூர் 'தர்மராஜ்யம்' அல்லவா. அந்த இரண்டாயிரம் இலைக்கும் நெல் எந்த வயலிலிருந்து வந்தது, நாற்று நட்டது யார், களத்தில் அடித்தது யார், அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் சொல்வதில்லை. நாமும் கேட்காமல் போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறோம்.

கல்குளம் என்றிருந்த ஊருக்குப் பத்மநாபபுரம் என்று பெயர் வைத்தவர் மார்த்தாண்டவர்மா. 1750 ஜனவரியில் அவர் திருவனந்தபுரம் கோயிலில் வாளை வைத்து, நாட்டையே பத்மநாபனுக்கு எழுதிக்கொடுத்து, அன்றிலிருந்து 'பத்மநாபதாசன்' ஆனார். தாசன் என்றால் அடிமை. பின்னால் வந்த அரசர்களும் அந்தப் பட்டத்தைச் சுமந்தார்கள். அரசன் அடிமை என்று சொல்லிக்கொண்டால் அது பட்டம். ஆழ்வாரும் நாயன்மாரும் 'அடியேன்' என்றால் அது பக்தி.

அதே நாட்டில் ஒரு புலையன் 'அடியன்' என்றால் அது என்ன?

சாமுவேல் மேட்டீர் என்ற லண்டன் மிஷன்காரர் 1871-இல் எழுதிய 'தி லேண்ட் ஆஃப் சாரிட்டி' என்ற புத்தகத்தில் இதைப் பதிந்து வைத்திருக்கிறார். புலையன் 'நான்' என்று சொல்லக் கூடாது. 'அடியன்' என்றே சொல்ல வேண்டும். தான் தின்பதைச் 'சோறு' என்று சொல்லக் கூடாது; 'கரிக்காடி' என்று சொல்ல வேண்டும். தன் வீட்டை வீடு என்று சொல்லக் கூடாது, 'மாடம்' என்ற குடிசைப் பெயரால்தான் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளைகளைக் குரங்கு என்றோ கன்று என்றோ சொல்ல வேண்டும். பேசும்போது மூச்சுக்காற்று பட்டுத் தீட்டாகாமலிருக்கக் கையால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

இதைப் படித்த அன்று நான் ரொம்ப நேரம் வேறெதுவும் படிக்கவில்லை. ஆங்கில விலேனை அடுத்தவன் வைதான். நம் பாட்டனுக்கோ அவனைக்கொண்டே அவனை வைய வைத்தார்கள். தமிழில் தன்மை ஒருமை 'நான்' என்று இலக்கணத்தில் படிக்கிறோம். அந்த ஒருமை எல்லாருக்கும் இல்லை என்று எந்த இலக்கண ஆசிரியன் எழுதினான்? 'நான்' என்ற சொல்லே இல்லாதவனிடம் ஒழுக்கம் பற்றிப் பேச முடியுமா? செய்தவன் யார் என்று சொல்ல ஒரு 'நான்' இருந்தால்தானே நல்லது செய்தேன், கெட்டது செய்தேன் என்று சொல்ல முடியும். அதைப் பறித்துவிட்டு அவனை ஒழுக்கங்கெட்டவன் என்று வைவது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம்.

ஆள் விற்ற ஓலைகளும் நாஞ்சில் நாட்டில் கிடைத்திருக்கின்றன. 1812-இல் ராணி கௌரி லட்சுமிபாய் அடிமை விற்பனையைத் தடைசெய்தார் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த உத்தரவிலேயே விலக்கு இருந்தது: பயிர்த்தொழிலுக்காக நிலத்தோடு சேர்ந்த அடிமைகளுக்கு அது பொருந்தாது. புலையரும் பள்ளரும் குறவரும் அந்த விலக்குக்குள் விழுந்தார்கள். அதாவது, இங்கிலாந்தில் எப்போதோ தேய்ந்துபோன 'வில்லெய்ன்' நிலையை, ஓர் ஆங்கில ரெசிடெண்டே திவானாகவும் இருந்த காலத்தில், இங்கே எழுத்தில் உறுதிசெய்தார்கள். முழு விடுதலை உத்தரவு 1855-இல்தான் வந்தது.

உத்தரவு ஆளை விட்டது. சொல்லை விட்டதா?

எங்கள் மாவட்டத்து டீக்கடை எதிலும் பத்து நிமிஷம் உட்காருங்கள். ஒரு வசவு காதில் விழும்: 'புலையாடி மோனே'. பஸ் பிரேக் போட்டால் விழும், சீட்டாட்டத்தில் தோற்றால் விழும், பிரியமாய்க் கூப்பிடும்போதும் விழும். சேர்ந்து குடிக்கிற சிநேகிதன் சிநேகிதனைச் சொல்வான். நடத்தைகெட்டவள் பெற்ற மகன் என்று அர்த்தம். மலையாளத்தில் புலையாட்டு என்றால் கற்புக்கேடு. சொல்லின் அடியில் கிடப்பது 'புலை' என்ற தீட்டு. புலையன் என்ற பெயருக்குள்ளும் அதே சொல்தான் கிடக்கிறது. பண்ணையில் பாடுபட்டவனின் பெயரும் ஒழுக்கக்கேட்டின் பெயரும் ஒரே நாற்றங்காலில் வளர்ந்து நிற்கின்றன. நான் படித்த பள்ளியில் கணக்கு வாத்தியார் ஒருவர் வீட்டுக்கணக்கு போடாதவனையெல்லாம் இப்படித்தான் கூப்பிடுவார். வகுப்பில் எல்லாப் பையன்களும் சிரிப்பார்கள். மூன்று பேர் மட்டும் சிரிக்காமல் நோட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். "சும்மா வாயில வாறதுதானே மக்கா, சாதிய நெனச்சா சொல்லுகோம்?" நினைக்கவில்லை என்பது உண்மைதான். அதுதான் பிரச்சினையே. நினைத்து வைதால் வைதவனோடு அது முடியும். நினைக்காமல் வருகிறதென்றால் அவனுக்குப் பதிலாக மொழி நினைத்துக்கொள்கிறது. வில்லன் என்று சொல்லும்போது எந்தப் பண்ணையாளை யார் நினைக்கிறார்கள்? எண்ணூறு வருஷத்துக்கு முந்திய ஒரு பிரபுவின் வெறுப்பை, அவன் யாரென்றே தெரியாமல், தக்கலை தியேட்டரில் உட்கார்ந்து நாம் உச்சரித்தோம்.

பக்கத்திலிருக்கும் திருவிதாங்கோட்டில் 1696-ஐச் சேர்ந்த வேணாட்டு அரசாணைக் கல்வெட்டு ஒன்று உண்டு. புலைப்பேடி, மண்ணாப்பேடி என்ற வழக்கங்களை விலக்கும் ஆணை அது. பேடி என்றால் பயம். ஆண்டில் குறிப்பிட்ட நாட்களில், இருட்டியபின் தனியே வந்த மேல்சாதிப் பெண்ணைப் புலையனோ மண்ணானோ தொட்டுவிட்டால், கல்லெறிந்து பட்டுவிட்டால், அவள் சாதியிழந்து போவாள் என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. அது எந்த அளவுக்கு நடந்தது என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அந்தப் பெயர் போதும். மேல்சாதியின் பயத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது, அரசாணை இருக்கிறது. வருஷத்தின் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் புலையன் பயந்தானே, வழியில் எத்தனை அடி ஒதுங்கி நிற்கணும் என்று கணக்குப் பார்த்துப் பயந்தானே, அந்தப் பயத்துக்குப் பெயர் என்ன? அகராதியில் தேடிப் பார்த்துவிட்டேன்.

அவர்கள் சொல் நமக்கு வந்த மாதிரியே நம் சொல் ஒன்று அவர்களிடம் போயிருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'பறையர்' என்ற பெயர் ஆங்கிலத்தில் 'பரையா' ஆனது, பிரெஞ்சில் 'பாரியா'. இன்று அவர்கள் செய்தித்தாளில் ஒரு நாட்டை எல்லாரும் ஒதுக்கினால் 'பரையா நாடு' என்று எழுதுகிறார்கள். பறை என்றால் கொட்டும் கருவி. பறை என்றால் சொல்லுதலும்கூட. எங்க பக்கத்துப் பேச்சில் 'அவன் பறஞ்சான்' என்றால் அவன் சொன்னான் என்று அர்த்தம். புறநானூற்றின் 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று எண்ணி, இந்த நான்கைத் தவிர வேறு குடியே இல்லை என்கிறார். அந்தப் பெயர்தான் கப்பலேறிப் போய், ஒதுக்கப்பட்டவன் என்ற உலகப் பொதுச்சொல்லாயிற்று. அவர்களின் பண்ணையாள் நமக்கு வில்லன். நம் பறைகொட்டி அவர்களுக்குப் பாரியா. கடலின் இரு கரையிலும் உழைத்தவன் பெயரைத்தான் ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். ஆனாலும் அங்கே ஃப்ளோரா த்ரிஸ்தான் என்ற பெண், தொழிலாளருக்காகவும் பெண்களுக்காகவும் போராடியவள், 1838-இல் தன் பயணக் கதைக்குத் தலைப்பிலேயே தன்னை ஒரு 'பாரியா' என்று போட்டுக்கொண்டாள். அதைப் படித்தபோது எங்கோ ஒரு சொந்தக்காரியைக் கண்ட மாதிரி இருந்தது.

இதையெல்லாம் சிந்தனையாளர்கள் கவனிக்காமல் இல்லை. ஜெர்மன் மொழியில் 'கெட்ட' என்ற சொல் ஒருகாலத்தில் 'எளிய, சாதாரண' என்ற பொருளில் இருந்தது என்று நீட்சே 1887-இல் எழுதினார். ஆள்பவர்கள் தங்களை நல்லவர் என்றார்கள், ஆளப்பட்டவர்களைக் கெட்டவர் என்றார்கள், ஒழுக்கச் சொற்கள் அங்கே பிறந்தன என்பது அவர் கண்டுபிடிப்பு. கண்டுபிடித்துவிட்டு அவர் போய் நின்றது ஆள்பவன் பக்கம், மனுவை மெச்சினார். அம்பேத்கர் 'இந்துமதத் தத்துவம்' என்ற நூலில் நீட்சேயையும் மனுவையும் அருகருகே நிறுத்தி அந்த உறவை வெளிச்சம் போட்டுக் காட்டியிருக்கிறார். சி.எஸ்.லூயிஸ் என்ற ஆங்கிலப் பேராசிரியர் 1960-இல் சொற்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் வில்லனையும் எடுத்துக்கொண்டு, தகுதிநிலைச் சொற்கள் ஒழுக்கச் சொற்களாக மாறுதல் என்று இதற்கு ஒரு பெயரும் வைத்தார். நல்ல பெயர்தான். 'சொல் மாறியது' என்பார்கள். வீடு தானாகத் தீப்பிடித்தது என்று போலீஸ் எழுதுகிற மாதிரி. யார் மாற்றியது என்ற எழுவாய் அந்த வாக்கியத்தில் இருக்காது.

சரி, தோழர்கள் கேட்பது நியாயம்: தமிழ் சினிமாவில் இன்று வில்லன் யார்? பெரும்பாலும் பண்ணையார். பண்ணையாளின் பெயர் திரும்பிப் போய் எஜமானின் கழுத்திலேயே மாட்டிக்கொண்டது. இது பழிவாங்கல்தானே, சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று ஒரு கூட்டத்தில் ஒரு மாணவர் கேட்டார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு குதூகலம் உண்டு, மறைப்பானேன். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பண்ணையார் என்ற சொல் கெட்டுப்போனது அவர் செய்ததால்: சாணிப்பால், சவுக்கடி, கூலி கேட்டவர்களுக்குத் தீ. விலேன் என்ற சொல் கெட்டுப்போனது அவன் எதையும் செய்ததால் அல்ல, அவன் யாராக இருந்தான் என்பதால். முதலாவது தீர்ப்பு, இரண்டாவது பழி. இரண்டையும் ஒன்றாக்கி 'வெறுப்பு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தப்பு' என்று நடுவில் நின்று பேசுகிற நல்லவர்களோடு எனக்கு ஒத்துவராது. அதே சமயம், பண்ணையார் வீட்டில் நேற்றுப் பிறந்த குழந்தையை வில்லன் என்றால் அப்போது நாமும் பழிக்குள் போய்விடுகிறோம். கோடு அங்கேதான் விழுகிறது.

பெயரை மாற்றிக்கொண்டால் தீருமா? 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்தார்; எந்தப் பெயரால் அடிக்கிறாயோ அந்தப் பெயரோடே முன்னால் வருவேன் என்பதாக நான் அதைப் படிக்கிறேன். அயோத்திதாசர் அந்தப் பெயரே எதிரி கட்டியது என்று மறுத்தார். 1922-இல் சென்னை அரசாங்கம் ஆதிதிராவிடர் என்று மாற்றியது. எங்கள் பக்கத்தில் சாம்பவர் என்கிறோம். பிறகு தலித். எந்தப் பெயர் வந்தாலும் கொஞ்ச நாளில் அதையும் ஒரு மாதிரி உதட்டைச் சுழித்துச் சொல்லப் பழகிக்கொள்கிறார்கள். 'காலனி' என்ற ஆங்கிலச் சொல் நகரத்தில் பணக்காரர் வீட்டு முகவரி. ஊரில் அது நம்மைக் காட்டும் விரல்.

ஆனால் ஒரு சொல் மேலே ஏறியதையும் எங்கள் ஊரிலேயே பார்க்கிறேன். 'ஊழியம்'. திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் சர்க்காருக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் செய்யும் கட்டாய வேலை. சுமை தூக்கணும், வழிவெட்டணும். கூப்பிட்ட நேரத்தில் போகாவிட்டால் அடி. ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து கிறிஸ்தவர்களை விலக்கி உத்தரவு வாங்கவே ஒரு போராட்டம் நடந்தது. இன்று ஊழியம் என்றால் தேவ ஊழியம். ஊழியக்காரர் வந்தால் எழுந்து நிற்கிறார்கள், நாற்காலி போடுகிறார்கள். (சில ஊழியக்காரர்கள் காரில் வருகிறார்கள், அது இருக்கட்டும்.) யாரும் அந்தச் சொல்லை விலக்கவில்லை, வேறு சொல் கண்டுபிடிக்கவும் இல்லை. அடிபட்டவர்கள் தாங்களே ஒரு கூடம் கட்டி, அதற்குள் தங்களுக்கு வேண்டிய அர்த்தத்தில் அதை நூறு வருஷம் பேசினார்கள். மேலே இருக்கிறவன் இரக்கப்பட்டுத் திருத்திக் கொடுத்த சொல் இல்லை அது. வெங்கானூரில் அய்யன்காளி 1893-இல் வில்லுவண்டி கட்டி, நமக்கு விலக்கப்பட்ட ரோட்டில் ஓட்டினாரே, அந்த மாதிரி ஓட்டிக் காட்டியது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தெருக்குழாயில் சண்டை. இரண்டு பெண்கள். இரண்டு பேரும் நம்மவர்கள்தான். ஒருத்தி மற்றவளைப் பார்த்து "போட்டீ, தோட்டிச்சி" என்கிறாள். அவள் ஒன்றும் சொல்லாமல் குடத்தை எடுத்துக்கொண்டு போகிறாள். நகராட்சியில் துப்புரவு வேலை பார்க்கிறவள். இந்தத் தெருவின் சாக்கடையைக் காலையில் அள்ளினவள் அவள்தான்.